என் கதிரை வெறுமையானபோது யாருடைய செலவு குறைந்தது?

2022 டிசம்பர் 31 சனிக்கிழமை. அதனால் முதல் நாள் வெள்ளிக்கிழமைதான் கந்தோரில் எனக்குக் கடைசி நாள். ஒரே மேசையில் நான்கு பேருக்குச் சேர்த்துப் பிரியாவிடை வைத்தார்கள். நான்கு மாலை, கேக், ரோல்ஸ், பால் தேத்தண்ணி. மாலை கழுத்தில் இருக்கும்போதே எனக்குப் பக்கத்தில் நின்ற பெடியன், "அக்கா, அலுமாரித் திறப்பு எந்தக் கொத்தில இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டான். சம்பளப் பகுதியில் 11 ஆண்டுகள் நான் பார்த்த வேலையை அவனுக்குக் கையளிக்கக் கிடைத்தது இரண்டரை நாள்தான். அவனுக்கு ஏற்கெனவே வேறு மேசை இருந்தது. என்னுடையதை அவன் பதில் கடமையாகப் பார்க்கவேண்டும் என்று கடிதம் வந்திருந்தது.

நான் 1990 இல் இலங்கை அரச கந்தோரில் லிகிதராகச் சேர்ந்தவள். பிறகு அந்தப் பதவியின் பெயர் முகாமைத்துவ உதவியாளர் ஆனது. 2021 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் இளைப்பாறும் வயதை 65 ஆக்கினார்கள். எனக்கு அப்போது 60 நடந்துகொண்டிருந்தது. இன்னும் சில ஆண்டு சம்பளம் என்று நினைத்தபோது நெஞ்சு லேசானது உண்மை. கணவர் போய் ஏழு வருடம், மகன் வெளிநாட்டில் இன்னும் காலூன்றவில்லை, கொக்குவிலில் இருக்கிற வீட்டின் பின்பக்கக் கூரை மழைக்கு ஒழுகுகிறது. 2022 பெப்ரவரியில் சம்பளத்தைக் காட்டி வங்கியில் 8 லட்சம் கடன் எடுத்தேன். நான்கு ஆண்டுத் தவணை, மாதம் 21,000. அறுபத்தைந்துக்குள் கட்டி முடிந்துவிடும் என்று வங்கியும் கணக்குப் பார்த்தது, நானும் பார்த்தேன்.

அந்த ஏப்ரலில் நாடு கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. அதற்குச் சில நாள் முன்புதான் மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. என்னுடையது மாறும் வட்டிக் கடன். மாதத் தவணை 21,000 இலிருந்து 25,400 ஆனது. ஓகஸ்ட் முடிவில் வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் இளைப்பாறும் வயது திரும்பவும் 60. அறுபதைத் தாண்டி வேலையில் இருப்பவர்கள் டிசம்பர் 31 உடன் போகவேண்டும் என்றார்கள். நாடு முழுவதும் 30,000 பேர் வரை அப்படிப் போனோம். இடையில் எனக்குக் கிடைத்தது நான்கு மாதம்.

இதை வாசிக்கிற அரச ஊழியர் யாராவது இருந்தால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வரவு செலவுத் திட்டத்தில் வாசிக்கிற வயதை நம்பிக் கடன் எடுக்கவேண்டாம். ஒரு திட்டம் தந்ததை அடுத்த திட்டம் எடுக்கும். கடனின் கடைசித் தவணை 60 வயதுக்குள் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் தொகையைக் குறையுங்கள். வட்டி நிலையானதா மாறுவதா என்று கையெழுத்து வைக்குமுன் வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் அது தெளிவாகத்தான் எழுதியிருந்தது. மற்றவர்களின் சம்பளக் கடன் படிவங்களை வருடக்கணக்காகச் சரிபார்த்தவள் நான், என்னுடையதை வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன்.

சரி, ஜனவரி வந்தது. சம்பளம் நின்றது, பென்சன் வரவில்லை. என் தனிப்பட்ட கோவையில் ஒரு ஓட்டை இருந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு போரால் யாழ்ப்பாணமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்ததே, அந்த இடப்பெயர்வில் கந்தோர்க் கோவைகளில் பாதி வந்து சேரவில்லை. நான் சாவகச்சேரியில் உறவினர் வீட்டில் இருந்தபடி இடம் மாறிய கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்துத்தான் வேலை செய்தேன். 1996 நடுப்பகுதியில் ஊருக்குத் திரும்பினோம். ஆனால் அந்த ஒன்பது மாதத்துக்கும் உரிய சம்பள ஏற்றப் பத்திரமும் லீவுப் பதிவும் என் கோவையில் இல்லை. 27 வருடமாக அது யாருக்கும் தேவைப்படவில்லை. பென்சன் கணக்குப் பார்க்கும்போது தேவைப்பட்டது. "அம்மா, இந்த இடைவெளிக்கு ஏதாவது சான்று வேணும்" என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தபோது கட்டிலில் இருந்து அழுதேன். வெடிச் சத்தத்துக்குள் நடந்துபோய் வேலை செய்த மாதங்களை, வேலை செய்தேன் என்று நானே நிரூபிக்கவேண்டிய நிலை வந்தது.

அம்மாவின் பழைய றங்குப் பெட்டியில் ஒரு வாக்கிய பஞ்சாங்கம் இருந்தது. அதன் தாள்களுக்கு நடுவே அந்த மாதங்களின் சம்பளச் சீட்டுகளில் ஆறு, நான்காக மடித்தபடி கிடந்தன. மடிப்பில் தாள் அறுந்து, மை மண்ணிறமாகிப்போயிருந்தது. ஆனாலும் தொகையும் கையொப்பமும் தெரிந்தன. அவற்றை வைத்துத்தான் வழி பிறந்தது. ஆகவே இரண்டாவது விஷயம்: இளைப்பாறுவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போதே உங்கள் கோவையைப் பார்க்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். நியமனக் கடிதம், நிரந்தரமாக்கிய கடிதம், தடைதாண்டல் பரீட்சைப் பெறுபேறு, ஒவ்வொரு வருடச் சம்பள ஏற்றம், இடமாற்றக் கடிதங்கள், விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம் எல்லாவற்றின் பிரதியும் உங்கள் வீட்டில் இருக்கவேண்டும். வடக்கில் 1990, 1995, 2000, 2009 ஆகிய ஆண்டுகளைச் சுற்றிய காலத்தை விசேடமாகப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஓட்டை விழுவது அங்கேதான்.

கொழும்புக்கு மூன்று தரம் போய்வந்தேன். அந்த வருட முற்பகுதியில் அநுராதபுரம் வவுனியா தண்டவாளத் திருத்தத்தால் ரயில் ஓடவில்லை, இரவு பஸ்தான். அறுபத்தொரு வயதில் இரவு முழுக்க இருந்துபோய், விடிய ஆறு மணிக்கு இறங்கி, முகம் கழுவ இடம் தேடி, ஒன்பது மணிக்கு வரிசையில் நிற்பது எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். ஒரு தரம் போய்வர எனக்கு 8,000 ரூபாய் முடிந்தது. இரண்டாம் தரம் போனபோது, நான் கொடுக்கவேண்டிய ஆள் லீவு. அவருடைய மேசைக்கும் பதில் கடமைதான். அந்தப் பிள்ளை என் கடிதத்தை வாங்கித் திகதி முத்திரை குத்தித் தந்தது, அதற்கு மேல் அதனால் ஒன்றும் செய்யமுடியவில்லை. அந்த முத்திரை குத்திய பிரதிதான் பிறகு கைகொடுத்தது. எந்தக் கடிதம் கொடுத்தாலும் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

வங்கித் தவணை ஜனவரியும் பெப்ரவரியும் தவறியது. மார்ச்சில் இரண்டு சோடி காப்பைக் கொண்டுபோய் 3 லட்சத்துக்கு அடகு வைத்தேன். ஊரில் தெரிந்த முகம் இருக்கும் என்று சுன்னாகம் வரை பஸ்ஸில் போய் வைத்தேன். காப்பைக் கழற்ற முடியவில்லை, சவர்க்காரம் போட்டுத்தான் கழற்றினேன். கழற்றிய இடத்தில் தோல் வெள்ளையாக ஒரு வளையம் போல நின்றது. அதை மறைக்க அந்த மாதம் முழுக்கச் சேலைத் தலைப்பைக் கைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டே திரிந்தேன். மகனுக்குச் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் சொல்லியிருக்கவேண்டும். அவன் பணம் அனுப்பாவிட்டாலும் ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்கும்.

இதற்குள் கந்தோரிலிருந்து தொலைபேசி வந்தபடி இருந்தது. "அக்கா, போன வருசத்துப் பங்களிப்புப் பட்டியல் எங்க வச்சனீங்கள்?" "அக்கா, அந்த ஆசிரியரின்ர நிலுவைக் கணக்கு எப்பிடிப் போட்டனீங்கள்?" அவனைக் குறை சொல்லமாட்டேன், இரவு எட்டு மணி வரை இருந்து வேலை செய்தான். பெப்ரவரியில் மூன்று கிழமை நானே பஸ் காசு செலவழித்துப் போய் அவனுக்குப் பக்கத்தில் இருந்து செய்துகொடுத்தேன். ஒருநாள் நெடுந்தீவிலிருந்து ஒரு ஐயா வந்தார். இளைப்பாறிய காவலாளி, நிலுவைக் கணக்குக்காக வந்தவர். விடியப் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் எடுத்துப் பதினொரு மணிக்கு வந்திருக்கிறார். அன்று கணக்கு ஆயத்தமில்லை. பின்னேரப் படகைப் பிடிக்கவேண்டும் என்று பன்னிரண்டரைக்கே எழுந்து போய்விட்டார். அடுத்த கிழமை திரும்பவும் வந்தார். நான் கதிரையில் இருந்திருந்தால் முதல் வருகையிலேயே முடிகிற வேலை அது. அவருடைய இரண்டாவது நாளும் பஸ் காசும் எந்த அரசாங்கக் கணக்கிலும் செலவாக விழாது.

அந்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து தங்கையின் மகன் வந்திருந்தான். கணக்காளன், கெட்டிக்காரப் பிள்ளை. சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் இருந்தபோது, "பெரியம்மா, கோவிக்காதேங்கோ, 15 லட்சம் பேருக்கு அரசாங்கச் சம்பளம் குடுக்கிற நாடு எப்பிடி உருப்படும்? ஆளைக் குறைச்சால்தான் செலவு குறையும்" என்றான். முதலில் கோபம் வந்தது. பிறகு, வாழ்நாள் முழுக்கச் சம்பளப் பட்டியல் போட்டவள், இதையும் போட்டுப் பார்ப்போம் என்று கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து அவன் முன்னாலேயே எழுதினேன்.

என் அடிப்படைச் சம்பளம் 46,200. வாழ்க்கைச் செலவுப் படி 7,800. இரண்டும் சேர்த்து 54,000. இது நின்றது. இதற்குப் பதில் எனக்கு வருவது, பணிக்கொடைக்காகக் குறைத்த பென்சன் 37,000, பென்சன்காரருக்கான படி 3,525, சேர்த்து 40,525. ஆக, என் கதிரை வெறுமையானதால் அரசாங்கத்துக்கு மாதம் மிஞ்சியது 54,000 இல்லை, 13,475. வருடத்துக்கு 1 லட்சத்து 61 ஆயிரத்துச் சொச்சம். அடுத்து, 24 மாதப் பென்சனைப் பணிக்கொடையாக ஒரேயடியாகத் தரவேண்டும், அது 8 லட்சத்து 88 ஆயிரம். "அது எப்பிடியும் குடுக்கத்தானே வேணும், பெரியம்மா" என்றான். சரியான கேள்வி. ஓம், கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் 65 வரை இருந்திருந்தால் 2026 இல் கொடுத்திருக்கலாம். 2022 முடிவில் திறைசேரி உண்டியல் என்ற குறுங்காலக் கடன் பத்திரத்துக்கு அரசாங்கமே 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்துக் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. பாதுகாப்பாக 20 சதவீதம் என்று வைத்தாலும் 8 லட்சத்து 88 ஆயிரத்துக்கு வருட வட்டி 1 லட்சத்து 77 ஆயிரம். மிச்சம் பிடித்ததை விட அது கூட. அவன் தாளை வாங்கி இரண்டு தரம் பார்த்தான்.

"அப்ப உங்களுக்குப் பணிக்கொடை வந்துட்டுதோ?" என்று கேட்டான். வரவில்லை. எட்டு மாதமாகியும் வரவில்லை. ஒரே நாளில் இத்தனை பேருக்குக் கொடுக்கக் காசில்லை என்று வரிசைப்படி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது. முன்கூட்டிக் கொடுத்திருந்தால் அரசாங்கம் சுமக்கவேண்டிய வட்டியை, கொடுக்காமல் பிந்தியதால் நான் சுமந்துகொண்டிருந்தேன், வங்கியிலும் அடகுக் கடையிலும். பிந்திய பணிக்கொடைக்கு அவர்கள் வட்டி தருவதில்லை. அந்த வருட அரச கணக்கில் செலவு குறைந்தது என்று தெரிந்ததில் ஒரு துண்டு என்னுடைய காப்பு.

ஆனாலும் அவன் சொன்னது முழுக்கப் பிழை என்று நான் எழுதமாட்டேன். எங்கள் கந்தோரிலேயே ஒரு மேசையைச் சுற்றி ஆறு பட்டதாரிகள் இருந்தார்கள், இரண்டு பேருக்குத்தான் ஒழுங்கான வேலை இருந்தது. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் பந்தல் போட்டு இருந்ததை நான் பார்த்தவள்; அவர்கள் பிழைப்பில் கை வைக்க எனக்கு மனமில்லை. 2020 இல் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் நாடெங்கும் பல்லாயிரம் பேரைப் பயிலுநராக எடுத்தார்கள். அவர்களை எங்கே இருத்துவது, என்ன வேலை கொடுப்பது என்று எடுக்கும்போது யாரும் யோசிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்குச் சம்பளப் பகுதி வேலையை ஆறு மாதம் முன்பே பழக்கும்படி என்னிடம் சொல்லியிருந்தால் நான் போயிருக்கலாம், நெடுந்தீவு ஐயாவும் இரண்டாவது தரம் வந்திருக்கமாட்டார். எந்த வேலை தேவையில்லை என்று பார்த்துக் குறைப்பது ஒரு முறை. யாருக்கு எத்தனை வயது என்று பார்த்துக் குறைப்பதால் வேலை குறையாது. அந்த வேலை தெரிந்த ஆள்தான் போவார். வைத்தியர்களில் இது உடனே தெரிந்தது. அவர்களுடைய வயதெல்லையைப் பிறகு 63 ஆக்கினார்கள். லிகிதர் போனால் அப்படி உடனே தெரியாது.

இன்னொன்றும் அன்று பேசினோம். 2022 இலும் 2023 இலும் மத்திய அரசின் சம்பளச் செலவு ஏறக்குறைய 940, 950 பில்லியன் ரூபாய் என்ற அளவிலேயே நின்றது. எங்களை அனுப்பியதால் அது சரிந்து விழவில்லை; பென்சன் செலவோ ஏறியது. அதே 2023 இல் கடன் வட்டிக்கு மட்டும் போனது 2,400 பில்லியனுக்கு மேல். எல்லா அரச ஊழியருக்கும் ஒரு வருடம் சம்பளமே இல்லை என்று வைத்தாலும் வட்டியில் பாதிக்கும் காணாது. பிறகு 2024 இல் படியை 10,000 கூட்டினார்கள், 2025 இல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 இலிருந்து 40,000 ஆகப் படிப்படியாகக் கூட்டத் தொடங்கினார்கள். வேண்டிய உயர்வுதான், அரிசி விலை தெரிந்தவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால் சம்பளச் செலவு என்பது தலைகளின் எண்ணிக்கை மட்டும் இல்லை என்பதற்கு அதுவே போதும். யாராவது "இத்தனை பேரைக் குறைத்தோம், இவ்வளவு மிச்சம்" என்று சொன்னால், போனவருக்குப் பென்சன் எவ்வளவு, பணிக்கொடை எப்போது கொடுத்தீர்கள், அந்த வேலையை இப்போது யார் எந்தக் கொடுப்பனவுக்குச் செய்கிறார் என்று மூன்றையும் கேளுங்கள். என் பெறாமகன் இப்போதும் ஆளைக் குறைக்கவேண்டும் என்றுதான் சொல்கிறான், ஆனால் இந்த மூன்றையும் அவனே முதலில் கேட்கிறான்.

பென்சன் 2023 ஜூனில் நிலுவையோடு வந்தது. பணிக்கொடை நவம்பரில் வந்தது. வங்கிக்கு மிச்சம் 5 லட்சத்து 20 ஆயிரம், அடகுக்கு வட்டியோடு 3 லட்சத்து 52 ஆயிரம் கட்ட, கையில் நின்றது 16,000 ரூபாய். 32 வருடத்துக்குப் பிறகு. அடகு வட்டி 52,000, வங்கியின் கூடுதல் வட்டியும் தண்டமும் 61,000, கொழும்புப் பயணம் 24,000, ஆக 1 லட்சத்து 37 ஆயிரம் நான் தேவையில்லாமல் இழந்தது. அதில் பாதியையாவது தடுத்திருக்கலாம். இளைப்பாறுகிற திகதி தெரிந்த அன்றே வங்கிக்குப் போய், பணிக்கொடை வரும் வரை வட்டியை மட்டும் கட்டுகிற மாதிரித் தவணையை மாற்றித் தரும்படி கடிதம் கொடுத்திருக்கவேண்டும். ஏப்ரலில் நான் கேட்டபோது அவர்கள் சம்மதித்தார்கள். அதற்குள் இரண்டு தண்டம் விழுந்துவிட்டது. இன்னும் வேலையில் இருப்பவர்கள் குறைந்தது ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவை எடுக்கக்கூடிய இடத்தில் தனியாக வையுங்கள். முதல் பென்சன் முதல் மாதமே வரும் என்று எண்ணவேண்டாம். வராத பணிக்கொடையை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், பிள்ளையின் கலியாணம் என்றாலும்.

கடைசியாக ஒன்று, பலருக்குத் தெரியாதது. பணிக்கொடை எடுத்தவர்களுக்குப் பென்சனைக் குறைத்துத்தான் தருவார்கள், ஆனால் பத்து வருடம் முடிந்ததும் அது குறைக்காத தொகைக்குத் திரும்பவேண்டும். தானாக வரும் என்று இருக்காமல் நாங்களே பார்த்துக்கொள்வது நல்லது. என்னுடையது 2033 ஜனவரியில். அப்போது எனக்கு 71 வயது, ஞாபகம் எப்படி இருக்குமோ தெரியாது. ஆகவே உடுப்பு அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் திகதியையும் பென்சன் இலக்கத்தையும் ஒட்டி வைத்திருக்கிறேன். கொழும்பில் இருக்கிற பெறாமகனின் தொலைபேசியிலும் அதைப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சம்பளச் சீட்டுகள் ஆறும் பழைய பஞ்சாங்கத்துக்குள்ளேயே இருக்கின்றன.